அங்க அடையாளங்கள்

புதுச்சேரி,
18.06.2025

அன்புத் தங்கை அமுதவல்லிக்கு,

அண்ணன் புருஷோத்தமன் எழுதுவது. நானும் உன் அண்ணி நிர்மலாவும் சுகம். குழலிக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பின் வருவதை நீ இதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தினமும்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நாம் பேசும்போது உன் மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். என் கைப்பேசி பாதி நேரம் அவள் கையில். நடந்தது அவளுக்குத் தெரியும். நாம் எவ்வளவு பயந்திருக்கிறோம் என்பது தெரியக் கூடாது. ஆகவே விரைவுத் தபால்.

கடந்த 12-ஆம் தேதி வியாழக்கிழமை, மாலை ஆறு நாற்பது அளவில், குழலி கணக்கு டியூஷன் முடிந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையின் பின்சுவரை ஒட்டிய சந்தில் ஒருவன் சைக்கிளில் பின்தொடர்ந்திருக்கிறான். அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையை அவள் எங்களிடம் சொல்லவில்லை. அன்று அவன் "கார்குழலி" என்று முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். அவள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வேறு எதுவும் நிகழவில்லை. இதை நான் இரு வேறு சமயங்களில் கேட்டு உறுதிசெய்துகொண்டேன்.

அவள் சொன்னதை அப்போதே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு வைத்தேன். உயரமானவன். தொப்பியை நெற்றிவரை இறக்கியிருந்தான். முழுக்கைச் சட்டை. அவன் சைக்கிளுக்குக் கேரியர் இல்லை. இன்னும் சில விவரங்கள் அவளிடம் பெற வேண்டியிருக்கின்றன.

வெளியாளுக்கு அவள் பெயர் தெரிய வழியில்லை. ஆகவே அவன் நம்மை அறிந்தவன். நாம் அறிந்தவனாகவும் இருக்கலாம்.

காவல் நிலையத்தில் இன்னும் புகார் கொடுக்கவில்லை. அது தவறு என்று மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லிப் பிழைப்பவன் நான். ஆனால் பதினாறு வயதுப் பெண்ணை அங்கே பெஞ்சில் உட்காரவைக்க மனம் வரவில்லை. முதலில் அவன் யாரென்று நாமே அறிந்துகொள்வோம். சொற்களைக் கொடுத்தால் படம் வரைந்து தரும் மென்பொருள் ஒன்றை என் ஜூனியர் கலைவாணி, வீட்டு முன்னறையில் இருக்கும் அலுவலகக் கணினியில் காட்டினாள். அதில் முயல்கிறேன்.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நின்றே வேலை பார்க்காதே.

அன்புடன்,
புருஷோத்தமன்

*

ஏனாம்,
25.06.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கம். அண்ணிக்கும் சொல்லுங்கள். நான் நல்லா இருக்கேன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஓடலை.

லீவு கேட்டேன். கோதாவரி ஏறுது, வெள்ள டியூட்டிக்கு நர்ஸ் யாரையும் விட முடியாதுன்னுட்டாங்க. ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகிட்டு, போனில் அவ "சாப்டேம்மா" என்கிறதை வச்சு அவ குரல் நடுங்குதா இல்லையான்னு காது கொடுத்துக் கேட்கிறேன்.

அண்ணா, நீங்க எழுதினதை ஏழெட்டு தடவை படிச்சேன். உயரம் இருக்கு, தொப்பி இருக்கு, சைக்கிளுக்குக் கேரியர் இல்லாதது கூட இருக்கு. ஒண்ணு இல்லை. அவன் மூஞ்சியை அவ பார்த்தாளா? அதை மட்டும் எழுதுங்க. வேற எதுவும் வேணாம்.

அவளை டியூஷனுக்குத் தனியா அனுப்பாதீங்க.

உங்கள் தங்கை,
அமுதவல்லி

*

புதுச்சேரி,
04.07.2025

அன்புத் தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். குழலியை நானே ஸ்கூட்டரில் டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். ஆகவே அந்தக் கவலை உனக்கு வேண்டாம்.

அந்த மென்பொருளைப் பற்றி எழுதுகிறேன். கொடுக்கும் வாசகத்தைப் 'பிராம்ப்ட்' என்கிறார்கள். முதல் நாள், "சந்தேகத்திற்குரிய தீய மனிதன்" என்று எழுதினேன். மழையில் நனைந்த, நீளக் கோட்டு அணிந்த ஒரு வெள்ளைக்காரன் வந்தான். கலைவாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சார், கெட்டவன்னா அதுக்கு சினிமா வில்லன்தான் தெரியும். மனசுல நினைக்கிறதை எழுதாதீங்க, கண்ணால பாக்க முடியறதை எழுதுங்க" என்றாள். அது சரிதான். தீர்ப்பை எழுதக் கூடாது, சாட்சியத்தை எழுத வேண்டும். வயது, உடல்வாகு, நிறம், தாடை, உடை, பின்னணி, வெளிச்சம் வரும் திசை என்று வரிசையாக எழுதப் பழகினேன். மாலை ஆறு நாற்பது, மேற்கிலிருந்து வெளிச்சம், நெற்றியில் தொப்பியின் நிழல்.

இரண்டு சங்கடங்கள். "மீசை இல்லை" என்று எழுதினால் பெரும்பாலும் மீசையோடு வருகிறான். இல்லை என்பதை அது கவனிப்பதில்லை, மீசையை மட்டும் கவனிக்கிறது. மற்றொன்று, நாம் எதைச் சொல்லாமல் விட்டாலும் அதுவாகவே நிரப்பிக்கொள்கிறது. வாக்குமூலத்தில் தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கடந்துவிடலாம். இங்கே அது முடியாது. தெரியாது என்ற முகத்தை அதனால் வரைய இயலாது. ஆகவே சில இடங்களை நான் ஊகித்து நிரப்ப வேண்டியதாயிற்று.

மொத்தம் முப்பத்தொரு வாசகங்கள். ஒவ்வொன்றையும் எண்ணும் தேதியும் இட்டுச் சேமித்திருக்கிறேன். ஒவ்வொரு படத்தையும் குழலிக்குக் காட்டினேன். பதினெட்டு வரை "இல்ல மாமா" என்றாள். பிறகு பேசுவதை நிறுத்திவிட்டாள். முப்பத்தொன்றைப் பார்த்ததும் அழுதாள். "அவன்தான்" என்றாள். நிர்மலா எட்டிப் பார்த்து, "எங்கயோ பார்த்த மூஞ்சியா இருக்கே" என்றாள். "அதனால்தான் தெரிந்தவன் என்கிறேன்" என்றேன்.

முகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். முகம் இப்போது நம்மிடம் இருக்கிறது.

எங்கள் நகர் நலச் சங்கத் தலைவர் சக்கரபாணியிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா, நிதானமானவர். சங்கத்து வாட்ஸ்அப் குழுவைத் தாண்டாது என்று வாக்களித்தார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
புருஷோத்தமன்

*

புதுச்சேரி,
17.07.2025

அன்புத் தங்கைக்கு,

உன் பதில் வராத நிலையில் மீண்டும் எழுதுகிறேன். வெள்ளச் செய்தியைப் படித்தேன். நீ பத்திரமாக இருக்கிறாய் என்று குழலி மூலம் தெரிந்துகொண்டேன்.

படம் சங்கத்தைத் தாண்டிவிட்டது. "இது கணினியால் வரையப்பட்ட உருவம், புகைப்படம் அன்று, இதனைக் கொண்டு எவர் மீதும் நடவடிக்கை கூடாது" என்று அடியில் மூன்று வரிகள் நானே சேர்த்திருந்தேன். யாரோ அந்த மூன்று வரிகளையும் வெட்டிவிட்டு, "பிள்ளை பிடிப்பவன், உஷார்" என்று போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். நேற்று நம் ஊர் மேட்டுப்பாளையத்தில் ஒரு டீக்கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். கிழிக்கப் போனேன். கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் சார், உங்களுக்கு வேண்டியவனா?" என்று கேட்டார். நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வந்துவிட்டேன்.

சக்கரபாணியைக் கேட்டால், "வக்கீல் சார், நீங்க தப்பா நினைக்கப்படாது. நல்ல காரியம் பரவட்டுமே" என்கிறார்.

உன் பார்வைக்கு ஒரு பிரதி இணைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்தவர்களில் யாருடைய சாயலேனும் இருந்தால் உடனே எழுது.

புருஷோத்தமன்

*

ஏனாம்,
09.08.2025

அண்ணனுக்கு,

படம் வந்து பதினெட்டு நாள் ஆச்சு.

இடது புருவத்துக்கு மேல் தழும்பு போடச் சொன்னது யார்? குழலி சொன்னாளா?

அமுதவல்லி

*

புதுச்சேரி,
16.08.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தில் உன் உடல்நிலை பற்றி ஒரு சொல்லும் இல்லை. எங்களையும் விசாரிக்கவில்லை. நலமாக இருப்பாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

பதிவேட்டைப் பார்த்தேன். தழும்பு பத்தொன்பதாவது வாசகத்தில் முதன்முதலாக வருகிறது. குழலி அதை மறுக்கவில்லை.

உனக்கு எழுதத் தயங்கிய ஒரு செய்தி. கடந்த 10-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, மேட்டுப்பாளையத்தில் அந்த டீக்கடை வாசலில் ஒரு மனிதரைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து அடித்திருக்கிறார்கள். வலது கை முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். பெயர் தெரியவில்லை. சக்கரபாணி வீட்டுக்கே வந்து, "ஆள் சிக்கிட்டான் சார். அச்சு அசல் உங்க படம். அந்தத் தழும்புகூட அதே எடத்துல" என்று கை குலுக்கினார். நிர்மலா அவருக்குக் காபி கொடுத்தாள்.

இல்லாத ஒருவனுக்கு நான் எழுதிய தழும்பு, இருக்கும் ஒருவர் புருவத்தில் எப்படி இருக்க முடியும்? சரியான ஆள் என்றால் நான் நிம்மதி அடைய வேண்டும். அடையவில்லை.

உனக்கு ஏதேனும் தெரிந்தால் மறைக்காதே.

புருஷோத்தமன்

*

ஏனாம்,
23.08.2025

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்கு இப்போ தெம்பு இல்லை. மன்னிச்சுக்குங்க.

அவர் பேர் மதிவாணன். குழலியோட அப்பா.

கவரைப் பிரிச்சதும் தெரிஞ்சுபோச்சு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு அதே கண்ணு, அதே தாடை. கொஞ்சம் நரை போட்டு வச்ச மாதிரி. ஏன் உடனே எழுதலைன்னு கேப்பீங்க. பெத்த பொண்ணையே பின்னாடி வந்து பயமுறுத்தினது இவர்தானோன்னு நினைச்சேன். அப்படி இருந்தா அதை எந்த வாயால சொல்றது, எந்தக் கையால எழுதறது? சும்மா இருந்துட்டேன். அப்புறம் தாங்காம கனகசெட்டிக்குளத்துல இருக்கிற அவர் அக்கா அன்னக்கிளிக்குப் போன் பண்ணினேன். "எங்க தம்பி ரெண்டு வருஷமா மேட்டுப்பாளையத்துல பிளாஸ்டிக் கம்பெனிக்குத்தான் போறான். ஜூன் பூரா ரெண்டு மணி ஷிப்டு, வந்து சேர பத்து மணி ஆயிடும். வேணும்னா கைரேகை வச்ச அட்டெண்டன்ஸைப் போய்ப் பாத்துக்கோ. இப்ப எதுக்குடி அவனைக் கேக்கிற, இன்னும் என்னா பாக்கி?" என்றாங்க. அது எட்டாம் தேதி. ஒன்பதாம் தேதி உங்களுக்கு அந்த ரெண்டு வரி எழுதினேன். பத்தாம் தேதி அடிச்சிருக்காங்க. பதினெட்டு நாள் முன்னாடி நான் வாயைத் திறந்திருந்தா அவர் கை நல்லா இருந்திருக்கும்.

அந்தத் தழும்பு நான் போட்டது. சண்டையில பாத்திர மூடியை வீசினேன். அப்போ குழலிக்கு நாலு வயசு. அவளுக்கு அது ஞாபகம் இருக்காது. போட்டோ ஒண்ணு விடாம எரிச்சிடச் சொன்னது நீங்கதான். அப்போ அந்தத் தழும்பு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். ஜீவனாம்ச வாரண்டுக்கு அவர் அங்க அடையாளம் எழுதிக் கொடுத்தீங்களே அண்ணா, உங்களுக்குத் தெரியும்.

அமுதவல்லி

*

புதுச்சேரி,
05.09.2025

தங்கைக்கு,

பழைய வழக்குக் கட்டைத் தேடி எடுத்தேன். வாரண்ட் மனுவின் அட்டவணையில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதியது: "ஒடுங்கிய தாடை, சற்றே உள்வாங்கிய கண்கள், இடது புருவத்தின் மேல் அரை அங்குல வெட்டுத் தழும்பு." முப்பத்தொன்றாவது வாசகம்: "ஒடுங்கிய தாடை, சற்றே உள்வாங்கிய கண்கள், இடது புருவத்தின் மேல் அரை அங்குல வெட்டுத் தழும்பு, வயது நாற்பத்தைந்து." சேர்ந்தது வயது ஒன்றுதான்.

தெரியாமல் செய்தேன் என்று எழுதவே உட்கார்ந்தேன். அப்படி எழுத முடியவில்லை. படம் திரையில் வந்தபோது நான் அவரை அடையாளம் காணவில்லை என்று பிரமாணம் செய்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பெயர் தெரிந்தவன், ஆகவே நமக்குத் தெரிந்தவன் என்று முடிவு செய்த கணத்திலேயே என் கை அவரை எழுதத் தொடங்கியிருக்க வேண்டும்.

அடிதடி வழக்கில் படத்தின் மூலத்தைக் காவல் துறை தேடுகிறது. சக்கரபாணிக்குத் திடீரென்று ஞாபக மறதி வந்துவிட்டது. "எந்தக் குரூப்ல வந்ததோ சார், யாருக்குத் தெரியும்" என்கிறார். கலைவாணி நேற்று கணினி முன் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சார், அந்த ஃபோல்டரை டெலீட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டாள். என் பார் கவுன்சில் பதிவு, நோட்டரி முத்திரை, முப்பது ஆண்டுப் பெயர், எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தன. வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன்.

ஃபோல்டர் இன்னும் இருக்கிறது. இன்று வரை இருக்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும்.

புருஷோத்தமன்

*

புதுச்சேரி,
12.09.2025

அம்மா,

நல்லா இருக்கியா? நான் லெட்டர் எழுதறது இதுதான் ஃபர்ஸ்ட் டைம். போன்ல சொன்னா அத்தைக்குக் கேக்கும். மாமா உனக்கு எழுதிட்டே இருக்காருன்னு தெரியும். மேசைல உன் கையெழுத்துக் கவரைப் பாத்தேன், பிரிக்கல.

மாமா என்ன எழுதினாரோ எனக்குத் தெரியாது. நான் சொன்னது நாலே நாலுதாம்மா. ஒயரம். தொப்பி. முழுக்கைச் சட்டை. சைக்கிள்ல கேரியர் இல்ல. அவ்ளோதான். மூஞ்சிய நான் பாக்கவே இல்ல. மொத நாளே சொன்னேன். மாமா அதையும் அந்தப் பேப்பர்ல எழுதிக்கிட்டாரு.

அப்புறம் ஏன் அவன்தான்னு சொன்னேன்னு கேக்காத. முப்பத்தோரு படம். பாக்கப் பாக்க எல்லாம் அவன் மாதிரியே இருந்துச்சு. அத்தை ஒரு பக்கம் அழுதுட்டே இருந்தாங்க. மாமா மவுசை விட்டு எழுந்திரிக்கவே இல்ல. ஆமான்னு சொன்னா முடிஞ்சிடும்னு நெனச்சேன்.

இப்போ கண்ணை மூடினா அந்த மூஞ்சிதான் வருது. யாரும்மா அவரு? அவரை அடிச்சாங்களாமே, ஸ்கூல்ல பேசிக்கிறாங்க. என்னாலதானே?

இன்னொண்ணு. இப்ப எல்லாரும் அந்த மூஞ்சியத்தான் தேடினாங்க, புடிச்சிட்டாங்க, முடிஞ்சுது. சக்கரபாணி தாத்தா என்னைப் பாத்தா "இனிமே தைரியமா போம்மா"ன்னு சொல்றாரு. ஆனா அவன் வேற மூஞ்சியோட இருந்தா?

நீ வா.

குழலி

*

ஏனாம்,
20.09.2025

அண்ணா,

குழலி எழுதினதை நகல் எடுத்து இதோடு வச்சிருக்கேன். ஜூன் 25-ல் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பதில் இன்னும் வரலை.

லீவு கிடைச்சிருச்சு. அடுத்த மாசம் எட்டாம் தேதி காலையில் வரேன். அதுக்குள்ள அந்த ஃபோல்டரை என்ன செஞ்சீங்கன்னு நீங்களே எழுதுங்க. வந்து கேட்க வைக்காதீங்க.

அமுதவல்லி

*

புதுச்சேரி,
04.10.2025

அன்புத் தங்கை அமுதவல்லிக்கு,

அண்ணன் எழுதுவது. நிர்மலாவுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது. நான் உறங்குவதில்லை. குழலி சாப்பிடுகிறாள், பள்ளிக்குப் போகிறாள். இம்முறை நலச் செய்தியில் எதையும் விடவில்லை.

25.06.2025 தேதியிட்ட உன் கடிதத்தின் கேள்விக்கு என் பதில்: இல்லை. அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. நான் அப்போதே எழுதிய தாளில் ஐந்தாவது வரி அது. உனக்கு எழுதும்போது முதல் நான்கை மட்டும் எழுதினேன். பயத்தில் விட்டேன் என்பதே உண்மை. முகம் இல்லாத ஒருவனிடமிருந்து ஒரு பெண்ணைக் காப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. முகம் வேண்டியிருந்தது.

கடந்த 29-ஆம் தேதி, முப்பத்தொரு வாசகங்கள், படங்கள், அந்தத் தாளின் மூலப் பிரதி ஆகியவற்றை உதவி ஆய்வாளர் அரிகிருஷ்ணனிடம் ஒப்படைத்து, கையொப்பமிட்ட வாக்குமூலமும் கொடுத்தேன். அதன் விளைவு எதுவாயினும் அதை நான் எதிர்க்கப் போவதில்லை. கலைவாணியின் பெயர் எங்கும் வராது. வாசகங்கள் அனைத்தும் நான் என் கையால் எழுதியவை.

மறுபரிசோதனைக்கு வந்திருந்த மதிவாணனை மருத்துவமனையில் பார்த்தேன். கையில் மாவுக்கட்டு. அன்னக்கிளி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். நடந்தது அனைத்தையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "பொண்ணு எத்தனாவது படிக்குது?" என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன். படத்தில் இருப்பவர் யார் என்று குழலி என்னிடமும் கேட்டுவிட்டாள். அதற்குப் பதில் சொல்லும் உரிமை உன்னுடையது. எட்டாம் தேதி வரை மௌனமாக இருக்கிறேன்.

அரிகிருஷ்ணன் முறைப்படி பெண் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, குழலியின் வாக்குமூலத்தைப் புதிதாகப் பதிவு செய்தார். புறப்படும்போது அந்த அலுவலர் வாசலில் நின்ற அவள் சைக்கிளைக் குனிந்து பார்த்தார். "சார், பேர் இதுலயே இருக்கே?" என்றார். பின் மட்கார்டில், வெள்ளை பெயிண்டில், கார்குழலி என்ற பெயரும் என் தொலைபேசி எண்ணும். திருட்டுப் போனால் கண்டுபிடிக்க உதவும் என்று சென்ற ஆண்டு நானே எழுதியது. பின்னால் வருகிற எவனும் படிக்கலாம். நம்மை அறிந்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற என் முதல் முடிவுக்கு வேறு ஆதாரம் எதுவும் இருந்ததில்லை. அன்றே அதைச் சுரண்டி எடுத்தேன்.

அவர்களுடைய படிவத்தில் உயரம், உடை, வாகனம் என்று கட்டங்கள் இருந்தன. முகம் என்ற கட்டம் வந்தபோது குழலி என்னைப் பார்த்தாள். நான் தலை குனிந்துகொண்டேன். "தெரியாது" என்றாள். அலுவலர் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். அவ்வளவு எளிதாக அதைச் செய்தார்.

தினமும் மாலை ஆறு நாற்பதுக்கு அந்தச் சந்து முனையில் நான் போய் நிற்கிறேன். ஷிப்டு முடிந்து சைக்கிள்கள் வருகின்றன. பால் ஊற்றுபவர், தொழிற்பேட்டைக் காவலாளி, தொப்பி போட்ட கொத்தனார், நமக்கு மளிகை கொண்டுவருபவர், சக்கரபாணியின் மருமகன். ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். நேற்று ஒருவர் நின்று, "என்ன சார், யாரையாவது தேடறீங்களா?" என்று கேட்டார். அவர் சைக்கிளுக்குக் கேரியர் இல்லை. இல்லை என்றேன். சிரித்துவிட்டுப் போனார். அதற்குப் பின் வந்த சைக்கிளுக்கும் கேரியர் இல்லை. அதற்குப் பின் வந்ததற்கும் இல்லை. எல்லா முகங்களும் அந்தக் கோடு இழுத்த கட்டத்தில் சரியாகப் பொருந்துகின்றன.

பேருந்து நிலையத்துக்கு நான் வருகிறேன். தனியாக ஆட்டோ பிடிக்காதே.

புருஷோத்தமன்